முற்றுப்புள்ளியாரின் மூக்குக்கண்ணாடி

ஐம்பதைத் தாண்டிய வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முற்றுப்புள்ளியார் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்வது என்பதே அந்த முடிவு.

யாரையும் சுடுவதற்கில்லை. தூரத்தில் தொங்கும் ஒரு காகித வட்டத்தை, காற்றுத் துப்பாக்கியால், வாரம் ஒருமுறை. அவ்வளவுதான்.

முற்றுப்புள்ளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். எந்தப் பக்கத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்து, சிவப்பு மையில் ஒன்றை வைத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார். அதனால் அச்சகத்தில் அவர் முற்றுப்புள்ளி. வீட்டில் வெறும் கமா. அவர் நிறுத்துகிற இடத்திலிருந்துதான் மனைவி ஆரம்பிப்பார்.

மனைவி பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, தான் மட்டும் பேசுகிற தொழில். பதில் வராத பேச்சு அந்த அம்மாளுக்குப் பழகிப்போன ஒன்று. வீட்டிலும் அதே வழக்கம்தான். ஒரே சலுகை, வீட்டில் வாயை மூடியே வைத்துக்கொள்ளலாம்.

"திடீர்னு என்னங்க துப்பாக்கி?"

"நாள் பூரா மூக்குக்கிட்ட எழுத்தப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சும்மா. தூரமா எதையாவது பார்க்கணும். அது பேசாம இருக்கணும்."

"பேசாம இருக்கணும்."

"காகிதத்தச் சொன்னேன்."

டாக்டரம்மாவுக்கு வேறு கவலை. சின்ன வயதில் கவண்கல் பட்டு முற்றுப்புள்ளியாரின் இடது கண் மங்கிப்போயிருந்தது. சோடாபுட்டிக் கண்ணாடியைப் போட்டால்தான் வலது கண்ணுக்கே உலகம் தெரியும். பிழைப்பு மொத்தமும் அந்த ஒற்றைக் கண்ணில் நடந்துகொண்டிருந்தது.

"போங்க, வேண்டாங்கல. ஆனா அந்தக் கண்ணு பத்திரம். அத வச்சுத்தான் என்னையே பார்த்துச் சம்மதம் சொன்னீங்க."

அன்றைக்கு இடது கண்ணால் பார்த்திருக்கலாம் என்று ஒரு நகைச்சுவை அவர் நாக்கு நுனி வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

துப்பாக்கி கிளப் ஒரு நீளமான தகரக் கொட்டகை. எண்ணெய் வாசனை. ஒரு கோடியில் மேசைகள், மறு கோடியில் காகித வட்டங்கள், அவற்றுக்குப் பின்னால் குண்டுகளை வாங்கிக்கொள்ளும் இரும்புப் பெட்டிகள். வாசலில் ஒரு பலகை: 'கண்ணுக்கு காப்பு இல்லாமல் உள்ளே வரக் கூடாது.' முற்றுப்புள்ளியார் அதைப் படித்ததும் பயிற்சி கொடுக்கும் மாஸ்டரிடம் போனார்.

"மாஸ்டர், 'கண்ணுக்கு'க்கு அப்புறம் ஒரு 'க்' வரணும்."

மாஸ்டர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மீசையே ஒரு படைப்பிரிவு அளவுக்கு இருக்கும்.

"அப்புறம் ஒரு காப்பும் வரணும். எங்க?"

"கண்ணாடி போட்டிருக்கேனே."

"இது பார்க்கறதுக்கு. காப்பாத்தறதுக்கு இல்ல. குண்டுச் சிதறல் திரும்பி வந்து பட்டா இதுவே உடைஞ்சு உள்ள போகும். வெளிய நில்லுங்க."

கற்றுக்கொள்ள வந்த முதல் நாளே ஒற்றுப்பிழை கண்டுபிடித்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டு அவர் வீடு திரும்பினார். சாயங்காலமே டாக்டரம்மா அவரைக் கண்ணாடிக்கடைக்கு இழுத்துப்போனார். பல்லைக் குடையும்போது துணுக்கு தெறிக்கும் என்பதால் அந்த அம்மாளே வேலை நேரத்தில் காப்புக் கண்ணாடி போடுகிறவர். கடைக்காரருக்கும் அவருக்கும் நல்ல பழக்கம்.

முதலில் வந்தது மேல் கண்ணாடி. போட்டிருக்கிற கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய சமாச்சாரம்.

"சுலபமானது சார் இது," என்றார் கடைக்காரர். "கண்ணாடி மேல கண்ணாடி."

சுலபம்தான். மூச்சு விடாமல் இருந்தால். விட்டால் ஆவி. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மார்கழி மாதம் இறங்கிவிடும். அந்தப் பனிமூட்டத்தில் அவர் சுட்ட குண்டுகள் எல்லாம் பக்கத்து வரிசைக்காரரின் காகிதத்தில் போய் விழுந்தன. பக்கத்து வரிசைக்காரர் அன்றைக்குத் தன் வாழ்நாள் சாதனையைப் புரிந்தார்.

அடுத்தது காண்டாக்ட் லென்ஸ். அதைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே பவர் இல்லாத காப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது. ஆவியும் இல்லை, பாரமும் இல்லை. ஆனால் விரல் கிட்டே வந்தாலே முற்றுப்புள்ளியாரின் கண் கடையைச் சாத்திவிடும். டாக்டரம்மா களத்தில் இறங்கினார்.

"வாயத் திறங்க."

"கண்ணுக்குத்தானே போடறோம்?"

"வாயத் திறந்தா கண்ணு தானாத் திறக்கும். ஊர்ல எத்தன வாயப் பார்க்கறேன். திறங்க."

திறந்தார். கண்ணும் திறந்தது. லென்ஸ் விரலிலிருந்து நழுவியது. எங்கே போயிற்று என்று இருவரும் தரையெல்லாம் தேடினார்கள். முற்றுப்புள்ளியார் எச்சிலை விழுங்கிய பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அன்று முழுவதும் அவர் வயிறு உலகத்தைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, காப்புக் கண்ணாடிக்கு உட்புறம் பவர் உள்ள சின்னக் கண்ணாடியைச் சொருகிக்கொள்வது. நிறைய பேருக்கு அது ஒத்துப்போகிறது. இவருக்கு இமைமுடி உரசியது, தலை சுற்றியது. இல்லாத படி ஒன்றில் காலைத் தூக்கி வைத்துவிட்டு, கொட்டகை வாசலில் மாஸ்டரின் காலடியிலேயே விழுந்தார். மாஸ்டர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

கடைசியாகக் கடைக்காரர் ஒரு மாதிரியைக் காட்டினார். பவர் கண்ணாடியையே காப்புக் கண்ணாடியாகச் செய்வது. பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வில்லை, உறுதியான ஃப்ரேம், பக்கவாட்டில் மறைப்பு.

முற்றுப்புள்ளியார் அதை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தார்.

"வெல்டிங் பட்டறையிலேருந்து ஓடி வந்தவன் மாதிரி இருக்கேன்."

"கண்ணு நல்லா இருக்குமே," என்றார் டாக்டரம்மா.

"மூஞ்சி நல்லா இருக்க வேண்டாமா? இது வேண்டாம். முடிஞ்சுது பேச்சு."

டாக்டரம்மா மறுபேச்சுப் பேசவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த அம்மாள் மறுபேச்சுப் பேசாமல் இருந்தது மிகவும் அபூர்வம். முற்றுப்புள்ளியார் அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டார்.

"சரிங்க. அப்ப மேல் கண்ணாடியே போடுங்க. கழட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

"கழட்ட மாட்டேன்."

இரண்டொரு நாள் கழித்து, அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது டாக்டரம்மா நீளக் குடையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"இதத் துப்பாக்கி மாதிரிப் புடிங்களேன். நீங்க குறி பார்க்கறத நான் பார்த்ததே இல்ல."

முற்றுப்புள்ளியாருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. எழுந்து நின்று, குடையைத் தோளில் அணைத்து, தலையைச் சாய்த்து, சுவர்ப் பல்லியைக் குறி பார்த்தார். அந்த அம்மாள் மிகவும் கிட்டே வந்து ரசித்தார். ரசித்துக்கொண்டே அவர் கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் எதையோ தொட்டார்.

"என்னம்மா?"

"தூசி. கழட்டிக் குடுங்க, துடைச்சுத் தரேன்."

கழற்றிக் கொடுத்தார். அடுத்த அறைக்குப் போய், கொஞ்சம் தாமதமாகவே திரும்பிவந்தது கண்ணாடி.

அவர் பிறந்தநாளுக்குப் புதுக் கண்ணாடி பரிசாக வந்தது. அடர்ந்த பழுப்பு நிறம். காதில் மாட்டும் கைகள் கொஞ்சம் அகலம். முகத்தைச் சுற்றி அணைத்தாற்போல் உட்கார்ந்தது.

"ஒரு மாதிரி வளைஞ்சிருக்கே?"

"இப்ப அதான் எல்லாரும் போடறாங்க. உங்களுக்குப் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் கேட்கவில்லை. மறுநாள் அச்சகத்தில் பைண்டிங் பிரிவுக்காரர், "என்ன சார், பட்டறையில பகுதி நேர வேலையா?" என்று கேட்டார். பொறாமை என்று நினைத்து அவரை மன்னித்தார் முற்றுப்புள்ளியார்.

புதுக் கண்ணாடியில் குறி பிரமாதமாகத் தெரிந்தது. அதன் மேல் அந்த மார்கழிக் கண்ணாடியை மாட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு திட்டம் போட்டார். ஞாயிறு காலை மேல் கண்ணாடியை மனைவி கண்ணெதிரே பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கொட்டகைக்குப் போனதும் அது பையிலேயே தூங்கியது.

"காப்பு எங்க?" என்றார் மாஸ்டர்.

முற்றுப்புள்ளியார் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பொய்யை எடுத்துவிட்டார்.

"இதுதான் மாஸ்டர் காப்பு. சாதாரணக் கண்ணாடி இல்ல. சொல்லிச் செஞ்சது. பவரும் இதுலயே, பாதுகாப்பும் இதுலயே. சுத்தியலால அடிச்சாலும் உடையாது."

மாஸ்டர் கண்ணாடியை வாங்கினார். கைப்பகுதியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். தலையை ஆட்டி உள்ளே போகச் சொன்னார்.

இவ்வளவு லேசாகப் பொய் பலிக்கும் என்று தெரிந்திருந்தால் வாழ்க்கையில் இன்னும் முன்னதாகவே ஆரம்பித்திருக்கலாம் என்று முற்றுப்புள்ளியாருக்குத் தோன்றியது. அன்று முதல்முறையாகக் கறுப்பு வட்டத்துக்குள் சுட்டார். வீட்டுக்குத் திரும்பும் முன், பையிலிருந்த மேல் கண்ணாடியைக் குழாயடியில் நனைத்துத் துடைத்துக்கொண்டார், போட்ட மாதிரி தெரிய வேண்டும் அல்லவா.

"போட்டீங்களா?"

"போட்டேன். ஆவிதான் கொஞ்சம்."

"பாவம்," என்றார் டாக்டரம்மா. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

இப்படியே சில வாரங்கள் போயின. ஒரு ஞாயிறு, பக்கத்து வரிசைக்காரர் சுட்ட குண்டு காகிதத்தில் படாமல் இரும்புப் பெட்டியின் விளிம்பில் பட்டது. 'டங்' என்றது. அதே நொடியில் முற்றுப்புள்ளியாரின் முகத்தில் 'டக்' என்று ஒன்று மோதியது. வலது கண்ணுக்கு நேராக.

துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார். கண்ணை மூடியிருந்தார். திறக்கப் பயமாக இருந்தது. திறந்து ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கணம் நினைத்தார். சிவப்பு மை, அச்சகம் எல்லாம் அந்தக் கணத்தில் ஞாபகம் வரவில்லை. கிட்டே வந்து தூசி துடைத்த ஒரு முகம்தான் வந்தது.

மாஸ்டர் ஓடிவந்து அவரை பெஞ்சில் உட்கார வைத்தார். "மெதுவாத் திறங்க."

திறந்தார். எல்லாம் தெரிந்தது. தகரத்தின் துரு தெரிந்தது. மாஸ்டரின் மீசையில் தனித்தனி முடி தெரிந்தது. கண்ணாடி உடையவில்லை, கழன்று விழவில்லை. வில்லையில் கடுகளவு ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

"நல்ல கண்ணாடி," என்றார் மாஸ்டர்.

முற்றுப்புள்ளியார் மெதுவாக நடந்து வீட்டுக்குப் போனார். வழியில் ஒரு பெயர்ப்பலகையில் இரண்டு பிழை இருந்தது. பிழையைப் பார்க்கக் கண் இருக்கிறதே என்று அதையும் அன்போடு பார்த்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் எழுந்து வந்து, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார். அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.

"கண்ணு?"

"ஒண்ணும் ஆகல. என்னன்னே தெரியல. சாதாரணக் கண்ணாடி, தாங்கிடுச்சு. நான் மேல் கண்ணாடி போடலம்மா. ஒரு நாளும் போடல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பைக்குள்ள போட்டது போட்ட மாதிரியே வந்துச்சு. கூடவே குழாத் தண்ணி. அதக் கழட்டிப் பாருங்க, கைக்கு உள்பக்கம்."

கழற்றி, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பொடி எழுத்தில் காப்புக் கண்ணாடிக்கான முத்திரை அச்சாகியிருந்தது. அன்றைக்கு வேண்டாம் என்று முகம் சுளித்த அதே வகை. கடைக்காரரிடம் சொல்லி, வெல்டிங் சாயல் தெரியாத ஃப்ரேமாகத் தேடி, குறி பார்க்கும்போது அவர் கண் வில்லையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று குடையை வைத்துப் புள்ளி குத்தி அளவெடுத்து, செய்து வாங்கியிருந்தார் அந்த அம்மாள்.

"ஊர்ல இருக்கற எழுத்தெல்லாம் படிக்கறீங்க. மூக்கு மேல இருக்கறதப் படிக்கலையே."

"என் கண்ணுல மண்ணத் தூவிட்டியே."

"மண்ணு விழக் கூடாதுன்னுதான் தூவினேன்."

முற்றுப்புள்ளியார் மனைவியின் கையைப் பிடித்துத் தன் வலது கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கண்ணீர் விட்டார் என்றும், அது இரண்டு கண்ணிலிருந்தும் சரிசமமாக வந்தது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

"உனக்கு நான் என்ன செய்யறது?"

"ஒண்ணும் வேண்டாம். கண்ணப் பத்திரமா வச்சிருங்க, போதும்."

நன்றி பொங்கினாலும் ஆண்பிள்ளைக்கு ஒரு ஓரத்தில் கொஞ்சம் கௌரவம் மிச்சம் இருக்கும். மூக்கை உறிஞ்சிவிட்டு அதைத் தேடி எடுத்தார் முற்றுப்புள்ளியார்.

"நீ என்னை ஏமாத்துனது சரி, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. மாஸ்டர நான் ஏமாத்தினேன் பாரு. பட்டாளத்துல இருந்தவரு. நான் சொன்ன பொய்ய அப்படியே நம்பி உள்ள விட்டாரு."

"அவர்கிட்ட நான் முன்னாடியே சொல்லிட்டேங்க. எங்கிட்டதான் பல்லுக்கு வராரு. வாயத் திறந்துக்கிட்டுக் கிடந்தாரு, மறுத்துப் பேச முடியல."

முற்றுப்புள்ளியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, போகட்டும். பொய்யாவது நம்பற மாதிரி சொன்னேனா?"

டாக்டரம்மா ஒரு சட்டையை எடுத்து உதறி மடித்தார்.

"சுத்தியலால அடிச்சாலும் உடையாதுன்னீங்களாமே. சிரிப்ப அடக்கப் போயி, நான் கட்டிக் குடுத்த பல்லு கழண்டு தொண்டை வரைக்கும் போயிட்டு வந்துச்சாம். மறுநாளே வந்தாரு, திரும்ப ஒட்டி அனுப்பினேன்."