ஓரினின் ஏழு கோட்டுகளும் இடது பையும்

டிரை ஃபோர்க், மோன்டானா
அக்டோபர் 19

அன்பும் மரியாதையும் கலந்து தம்பி லைலுக்கு, அண்ணி வெர்னா எழுதுவது.

நீயும் உன் முழங்காலும் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உன் அண்ணன் ஓரின் ஏழு பேராக உட்கார்ந்திருக்கும்போது அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். அவருடைய அடக்கத்துக்கு நீ அனுப்பிய பன்றித்தொடை வந்து சேர்ந்தது. நீ வரவில்லை. கறி நன்றாக இருந்தது.

ஓரின் இடுப்பில் ஒரு சின்ன ரிவால்வர் வைத்திருந்தது உனக்குத் தெரியும். இந்த ஊரில் அது பல் விளக்குவது போன்ற பழக்கம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லை. என் சண்டையெல்லாம் இடது பையோடுதான். எந்தச் சட்டை மாட்டினாலும், அந்தத் தேய்ந்துபோன வீட்டு அங்கியை மாட்டினால்கூட, இடது பையில் ஒரு ரப்பர் பட்டையும் அதில் வரிசையாகச் செருகிய ஆறு தோட்டாவும் இருக்கும். சமையலுக்கு உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்கு இறங்கினாலும் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். ஒருமுறை சலவை இயந்திரத்துக்குள்ளே கடகடவென்று கேட்டு நான் மேஜைக்கடியில் புகுந்துகொண்டேன். இன்னொரு முறை சர்ச்சில் காணிக்கைத் தட்டு வந்தபோது பண உறைக்குப் பதிலாகத் தோட்டாப் பட்டையைப் போட்டுவிட்டார். அப்போதிருந்த பாஸ்டர் கண்ணை மூடியபடியே அதையும் சேர்த்து ஆசீர்வதித்துவிட்டார். "ஏங்க, துப்பாக்கியில இருக்கறது பத்தாதா, பையில வேற எதுக்கு?" என்று கேட்டால், "பத்தலைன்னு தெரியற நேரத்துல கடை தொறந்திருக்காது, வெர்னா" என்பார். அவ்வளவுதான் பதில். கேஸ் லாரி ஓட்டுகிறவர், தனியான வீடுகளுக்குப் போகிறவர், என்னவோ பயம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவருடைய கோட்டுகளையும் கையில்லாச் சட்டைகளையும் சர்ச் துணி விற்பனைக்குக் கொடுத்தேன். பையைப் பார்க்கத் தோன்றவில்லை. முதலில் வந்தவர் பாஸ்டர் கேலன், ஓரினின் மண்நிறக் கோட்டோடு. "வெர்னாம்மா, இது பையில இருந்துச்சு, உங்க பொருள்" என்று பட்டையை நீட்டினார். மறுநாள் பல் மருத்துவர் கர்ட்டிஸ். அதற்கடுத்த நாள் நூலகத்து ஆர்டிஸ். இப்படியே ஏழு பேர். வைக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் சூப்புக் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன், லைல். அப்புறம்தான் ஓரின் ஊருக்குள் நடமாட ஆரம்பித்தார். தபால் ஆபீசில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். மருந்துக் கடையில் குனிந்து எதையோ தேடுகிறார். அறுநூறு பேர் உள்ள ஊரில் அவர் கோட்டை மாட்டிய ஏழு முதுகு என்றால் திரும்பிய பக்கமெல்லாம் அவர்தானே. ஒருநாள் பால் அலமாரிக்கு முன்னால் நின்றவரிடம், நாற்பத்தைந்து வருஷப் பழக்கதோஷம், "ரெண்டு லிட்டர் போதும், போன தடவை புளிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டேன். கர்ட்டிஸ் திரும்பினான், ஒரு பாட்டிலைத் திருப்பி வைத்தான், "சரிக்கா" என்றான். அவன் முகம் சரியாக இல்லை. இடது கை காலிப் பையைத் தட்டிக்கொண்டிருந்தது. அது ஓரின் தட்டுகிற தட்டு. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

போன வாரம் பட்டப்பகலில், பதினொரு மணி இருக்கும், சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வேலிக்கு வெளியே ஏழு ஓரினும் வரிசையாக நிற்கிறார்கள். கையிலிருந்த தட்டை நான் கீழே போடவில்லை. அது தானே விழுந்துவிட்டது. கதவைத் திறந்தால் பாஸ்டர் தலைமையில் தூதுக்குழு.

"வெர்னாம்மா, தப்பா நெனைக்காதீங்க. கோட்டைத் திருப்பி எடுத்துக்கறீங்களா?"

"ஏன், கிழிஞ்சிருக்கா?"

"நல்ல கோட்டுதான். குளிருக்கு இதமா இருக்கு." அவர் காலணியைப் பார்த்துக்கொண்டார். "கார்ல உக்காந்து கதவைச் சாத்தினா யாரோ கண்ணாடியில தட்டறாங்க."

"யாரு?"

"ஆளே இல்ல, அதைத்தான் சொல்றோம்," என்றாள் ஆர்டிஸ். "உள்ளங்கையால தட்டறாங்க, வெர்னா. எனக்கு மட்டும்தான்னு நெனைச்சு மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக் கடையில நம்ம பாஸ்டரும் அதே மாத்திரைக்கு நிக்கறாரு."

"நம்ம சபையில இதுக்கெல்லாம் இடமில்ல," என்றார் பாஸ்டர், மிகவும் வருத்தமாக. "இருந்தாலும் கேக்குது."

ஏழு பேரும் கழற்றினார்கள். மாட்டி வைக்க இடமில்லாமல் நாற்காலிகளின் முதுகில் போட்டுவிட்டு, அந்தக் குளிரில் வெறும் சட்டையோடு நடந்தே போனார்கள். அவர்கள் போனதும் திரும்பிப் பார்த்தால் மேஜையைச் சுற்றி அந்த ஏழு தோள்கள். சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறாற்போல. அன்றிலிருந்து நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

நான் கேட்டதை நம்புகிற ரகமில்லை என்பது உனக்குத் தெரியும். மறுநாள் காலை பத்து மணிக்கு மண்நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்கும் பிக்கப் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடி முழுக்க வெளியே உறைபனி. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் தட்டினார்கள். விருந்தாளி தட்டுகிற தட்டில்லை, லைல். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டுகிற தட்டு. கதவு அதிர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், உறைபனி ஒரு பொட்டுகூடக் கலையவில்லை. எப்படியோ கதவைத் தள்ளித் திறந்தேன். உடனே நின்றுவிட்டது. வெளியே அறுத்த கோதுமைத் தாளும் காற்றும்தான்.

கோட்டோடே வேட் வீட்டுக்குப் போனேன். ஷெரிப் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவர், இந்த வட்டாரத்தில் யாருக்கு எதற்குப் பயம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. இப்போது காது மந்தம். "ஓரின் எதுக்குப் பயந்தாரு?" என்று மூன்று தடவை கத்தினேன். அவர் கோட்டையே பார்த்தார்.

"அவன் சொல்லலையா? இருபத்தெட்டு வருஷம் ஆச்சே. டெட் ஹார்ஸ் மேட்டுப் பக்கம் கேஸ் கொடுக்கப் போனாங்க, அண்ணனும் தம்பியும். ஓரின் எறங்கி வாசல் கேட்டுல இருந்த பனியைத் தள்ளினான். அந்த வீட்டு கேஸ் டேங்க் மேல மலைச்சிங்கம் உக்காந்திருக்கு. துப்பாக்கியில இருந்ததை எல்லாம் சுட்டான். ஒண்ணுகூடப் படல. பத்தடி தூரம், வெர்னா. கையில வேற தோட்டா இல்ல. லாரிக்கு ஓடினா, உள்ள இருந்த தம்பி கதவைப் பூட்டிட்டான்."

"பூட்டிட்டானா?"

"பயம். கை அப்படியே இறுகிப்போச்சு. வெளிய இருந்தவன் கண்ணாடியில தட்டறான், தட்டறான், இருபது நிமிஷம். அது பாத்துக்கிட்டே உக்காந்திருந்துச்சாம்."

"அப்புறம் என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. எழுந்து போயிடுச்சு. அதைத்தான் அவனால தாங்க முடியல."

ஆக, லைல், விஷயம் இதுதான். நீங்கள் இரண்டு பேரும் ஒரு ஏணிக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினீர்கள் என்று இத்தனை வருஷம் என்னை நம்ப வைத்தீர்கள். நான் அந்த ஏணியைத் திட்டாத நாளில்லை. இப்போது தெரிகிறது. உன் கூடப்பிறந்தவன் வெளியே நின்று தட்டும்போது நீ உள்ளே சூடாக உட்கார்ந்திருந்திருக்கிறாய். நீ திறக்காததால்தான் அந்த மனிதன் உருளைக்கிழங்கு எடுக்கக்கூடப் பை நிறையத் தோட்டாவோடு போனார். எந்தக் கதவும் தனக்குத் திறக்காது என்று நினைத்துக்கொண்டே செத்துப்போயிருக்கிறார். அதற்குப் பன்றித்தொடை ஈடாகுமா? எனக்குக் கோபமில்லை. நான் கிறிஸ்தவப் பெண். உன்னை மன்னித்துவிட்டேன். மன்னித்ததற்கு அடையாளமாக ஏழு கோட்டையும் திங்கட்கிழமை பார்சலில் ஐடஹோவுக்கு அனுப்புகிறேன். உனக்கும் அதே தோள், கச்சிதமாக இருக்கும். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு காரில் உட்கார். நீ இங்கே வர வேண்டாம்.

கேட்கிற காதையும் திறக்கிற கையையும் ஆண்டவர் உனக்குக் கொடுத்து, நீண்ட ஆயுசோடு வைத்திருக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பு, அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இப்படிக்கு,
உன் அண்ணி
வெர்னா டோல்லெஃப்சன்

பி.கு.: இதை முதலில் படி. உறையில் முகவரி எழுதும்போது வேட்டின் மனைவி ஆர்லீன் போன் செய்தாள். "வெர்னா, இந்த மனுஷன் உன்கிட்ட தலைகீழா சொல்லி அனுப்பியிருக்காரு. டோல்லெஃப்சன் பசங்க ரெண்டு பேரும் ஒரே மூஞ்சி, இவருக்கு அப்பவே கொழப்பம்" என்றாள். வேட் அன்று எழுதிய குறிப்பேட்டைத் தேடி எடுத்து வரிக்கு வரி படித்தாள். இறங்கியது நீ. சுட்டது நீ. உள்ளே இருந்தது ஓரின்.

நான் போனை வைத்தேன். அப்புறம் அவருடைய ரிவால்வரை வாழ்நாளில் முதல் தடவையாகக் கையில் எடுத்து, சூப்புக் கிண்ணத்திலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. ஒவ்வொரு பட்டையிலிருந்தும் ஒன்று எடுத்துப் பார்த்தேன், எதுவும் நுழையவில்லை, எல்லாம் பெரிது. ரிவால்வரில் ஐந்து ஓட்டைதான், பட்டையில் ஆறு தோட்டா. தோட்டாவின் அடியில் நாற்பத்துநாலு என்று அளவு பொறித்திருக்கிறது. உன் துப்பாக்கி நாற்பத்துநாலு என்று வேட் எழுதி வைத்திருக்கிறாராம். ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கி உன்னிடம் கொடுக்க அன்றைக்கு அவரிடம் ஒன்றும் இருந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உன் தோட்டாவைப் பையிலேயே சுமந்திருக்கிறார்.

நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, லைல். ஏணி என்று நான் சொன்னபோதெல்லாம் ஆமாம் என்றாயே.

நான்கு தாளிலும் இரண்டு பக்கமும் எழுதியாயிற்று, எனக்கு விரல் வலி, திருப்பி எழுத மாட்டேன். மேலே உன்னைத் திட்டியதையெல்லாம் ஓரினைத் திட்டியதாக வாசித்துக்கொள். பார்சல் கிடையாது. நீயே வந்து எடுத்துக்கொள், சீக்கிரம் வா. நீ வரும்வரை பிக்கப்பின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்திருக்கிறேன். பேட்டரி போனால் போகட்டும்.