தரைதட்டிய நேரலை வகுப்பு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி.
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு.

காரைக்காலில் மாமாவோடும் முழங்கால் வலியோடும் குடித்தனம் நடத்திவரும் என் மதிப்பிற்குரிய அக்கா ஸ்டெல்லாமேரிக்கு, உடன்பிறந்த தம்பி லூயிஸ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், என் மனைவி, மகள் ஜெர்லின் மூவரும் நலம். தங்கள் நலத்தையும், மாமாவின் நலத்தையும், மாடியில் தாங்கள் வளர்க்கும் புறாக்களின் நலத்தையும் அறிய ஆவல்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் ஆரம்பித்தால் தாங்கள் நடுவில் புகுந்து, "அது கெடக்கட்டும், உனக்கு சுகர் எவ்ளோ இருக்கு" என்று கேட்டுவிடுவீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் எதையும் உற்சாகமாகச் சொல்ல முடிவதில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எனவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பத்தாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுப்பதும், அதில் புவியியல் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம் என்பதும் தாங்கள் அறிந்ததே. கொஞ்ச நாள் முன்பு ஆற்றின் வளைவைப் பற்றிப் பாடம் நடத்தினேன். கலர் சாக்பீஸில் கரும்பலகை முழுக்க ஒரு ஆறு வரைந்து, வளைவில் வெளிக்கரையைத் தண்ணீர் வேகமாக மோதி அரிக்கும், அங்கே ஆழம், உள்கரையில் மணல் படியும், அங்கே மேடு என்று அம்புக்குறிகளெல்லாம் போட்டுவிட்டுப் பெருமையாகத் திரும்பினால், கடைசி பெஞ்சில் எங்கள் தலைமையாசிரியை வசந்தா மேடம் உட்கார்ந்திருக்கிறார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை, நான் பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, பாதிப் பேர் தூக்கம். மணி அடித்ததும் மேடம் என்னை வராந்தாவுக்கு அழைத்து, "லூயிஸ் சார், ஆறு ரொம்ப அழகா இருந்துச்சு. ஆனா அதைப் பாத்தது நீங்களும் நானும் மட்டும்தான்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த பருவத்திலிருந்து பத்தாம் வகுப்பைப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு நூலகத்தைத் தருவதாகத் தாளாளரிடம் பேசியாகிவிட்டதாம். அக்கா, எங்கள் நூலகம் என்பது இரண்டு பீரோவும் ஒரு பூட்டும். அந்தப் பூட்டுக்கு நான் பாடம் நடத்த முடியுமா. "மேடம், ஒரே ஒரு வாய்ப்பு" என்று கேட்டேன். "ஆன்லைன்ல பாடம் நடத்தற பயிற்சி ஒன்னு வருது, போயிட்டு வாங்க. பசங்க வாயைத் தொறக்கற மாதிரி ஒரு வகுப்பு எடுங்க. நானும் தாளாளரும் வந்து உக்காந்து பாக்கறோம். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

பயிற்சிக்குப் போனேன். சொல்லிக்கொடுத்தது நம்ம ஜெர்லின் வயசுல ஒரு பொண்ணு. அது சொன்னது இவ்வளவுதான் அக்கா: கேள்வி கேளுங்க, பசங்க போன்லயே ஓட்டுப் போடட்டும், விடையைச் சொல்லாதீங்க, பக்கத்துல இருக்கறவங்களோட சண்டை போட்டுப் பேசட்டும், திரும்பவும் ஓட்டு, அப்புறம் வேணும்னா நீங்க வாயைத் தொறங்க. நான் கை தூக்கி, "விடை தெரிஞ்சிருந்தும் சொல்லாம எப்படிம்மா நிக்கறது" என்று கேட்டேன். "கஷ்டந்தான் சார், தண்ணி குடிங்க" என்றது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் வீட்டு அனுமதியோடு அம்மா அப்பா போனைக் கொண்டுவந்தார்கள். பருவக்காற்றுக்கு நான் கேள்வி போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு போன் அடிக்குது, அந்தப் பையன் பழக்கத்தில் எடுத்துவிட்டான், ஸ்பீக்கரில் யாரோ ஒரு அத்தை, எடுத்தது அவன் அம்மா என்று நினைத்து, "இன்னாடி பண்ற, மீனு வந்திருக்கு, சங்கரா வாங்கட்டா வஞ்சிரம் வாங்கட்டா" என்று கேக்க, வகுப்பே ஒரே குரலில் வஞ்சிரம் என்றது. நான் எடுத்த வகுப்புகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. ஓட்டுப் போட பேர் கேட்டா பிள்ளைங்க இஷ்டத்துக்குப் பேர் வச்சுக்கிட்டாங்க. ஒன்னு தூங்கும் சிங்கம், ஒன்னு கடலூர் எக்ஸ்பிரஸ். எந்தப் புண்ணியவானோ 'லூயிஸ் சார்'னு என் பேரையே போட்டுட்டு எல்லாத்துக்கும் தப்பா அமுக்க, முடிவுல பெரிய திரையில லூயிஸ் சார் கடைசி இடம். அந்த நேரம் பாத்து வாசல்ல வசந்தா மேடம். "உங்க பரீட்சையில நீங்களே ஃபெயிலா சார்"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

சாயங்காலம் வீட்டுல இருந்து ஒரு ஆன்லைன் வகுப்பு வச்சேன். பிள்ளைங்களைச் சின்னச் சின்னக் குழுவா பிரிச்சு தனித்தனி அறைக்கு அனுப்பற வசதி அதுல இருக்கு. அனுப்பினேன். எல்லாரும் போயிட்டாங்க. என்னை எந்த அறையிலயும் போடல. வெத்துத் திரையைப் பாத்துக்கிட்டு "ஹலோ, சத்தம் கேக்குதா"ன்னு நான் பேசிட்டிருக்க, ஜெர்லின் வந்து எட்டிப் பாத்து, "அப்பா, அவங்க நல்லா பேசிட்டிருப்பாங்க. நீங்க சாப்பிடுங்க"ன்னு தட்டை வச்சிட்டுப் போனா. அரை மனசா சாப்பிட்டேன். திரும்பி வந்த பிள்ளைங்க ஒவ்வொரு குழுவும் ஒன்னொன்னு சொல்லுது அக்கா. மரீஹான்னு ஒரு பொண்ணு, இது வரைக்கும் அதோட குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது, "சார், எங்க குழுவுல ரெண்டு கருத்து, ரெண்டையும் சொல்லட்டா"ன்னு கேக்குது. நான் தண்ணி குடிச்சேன்.

அன்னிக்குப் புடிச்சுது எனக்குப் பைத்தியம். மேடமும் தாளாளரும் பாக்க வர்ற வகுப்பை நாலு சுவத்துக்குள்ள நடத்தறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். கழிமுகம்தானே பாடம், நோணாங்குப்பத்துல நம்ம கண்ணு முன்னாடி கழிமுகம் இருக்கு. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பெரிய திரை முன்னால உக்காரட்டும், நான் படகுல இருந்து போன்ல நேரலையா காட்டறேன், அவங்க கேள்வி கேக்கட்டும், நான் காட்டற இடத்தை வரைபடத்துல தேடட்டும். நோணாங்குப்பத்துல பலராமன்னு எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், சொந்தமா மோட்டார் வச்ச மீன்பிடிப் படகு இருக்கு. "சார், உன்னை ஏத்திக்கினு போறதுல இன்னா கஷ்டம், வா"ன்னார். ஆரஞ்சு கலர்ல மிதவை ஜாக்கெட் மாட்டிக்கிட்டு, ஒரு கையில போன் குச்சியும் இன்னொரு கையில படகு விளிம்புமா உக்காந்தேன். கிளம்பறதுக்கு முன்னாடி, நான் எங்க இருக்கேன்னு பிள்ளைங்களுக்கு என் இடத்தையும் போன்ல அனுப்பிட்டேன்.

மொதல்ல எல்லாம் அருமையா போச்சு. அலையாத்திச் செடியோட வேரைக் காட்டினேன், ஏன் மேல நோக்கி வளருதுன்னு கேட்டேன், ஓட்டு விழுந்துது, சண்டை நடந்துது. தாளாளர் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்தார்னு அப்புறமா சொன்னாங்க. அப்படியே கடல் பக்கமா போய்க்கிட்டே இருக்கோம், திடீர்னு அடியில சர்ருனு ஒரு சத்தம், படகு நின்னுடுச்சு. நான் பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரி நேரா மணல் மேட்டு மேல. பலராமன் மோட்டாரைத் தூக்கிப் பாத்தார், கழியால தள்ளிப் பாத்தார், உக்காந்துட்டார். "தண்ணி ஏறும் சார், ஏறினா போலாம்." "எப்ப ஏறும்?" "ஏறும்போது ஏறும்."

திரையில மொத்த வகுப்பும் என்னைப் பாக்குது. மேடம் பாக்கறாங்க. தாளாளர் பாக்கறார். எனக்கு நூலகத்துப் பூட்டு கண்ணுல தெரியுது. அப்பத்தான் என் வாயில இருந்து தானா வந்துது அக்கா, யார் சொல்லிக்கொடுத்ததோ தெரியல. "பிள்ளைங்களா, நான் மாட்டிக்கிட்டேன். கடலைப் பாத்து நிக்கற எனக்கு எந்தப் பக்கம் ஆழம்? வலதா, இடதா? ஓட்டுப் போடுங்க. நீங்க சொல்ற பக்கம்தான் படகைத் தள்ளுவோம்." பலராமன் என்னை ஒரு மாதிரியா பாத்தார். "சின்னப் பசங்களையா கேக்கற?"

ஓட்டு விழுந்துது. முக்கால்வாசி இடது. இடது பக்கம் தண்ணி அகலமா தெரியுதாம். எனக்கு வாய் துறுதுறுங்குது, ஆனா விடையைச் சொல்லக் கூடாதே. நெஜத்தைச் சொன்னா, படகுல உக்காந்துக்கிட்டு ஆறு எந்தப் பக்கம் வளையுதுன்னு எனக்கே புரியல. "பக்கத்துல இருக்கறவங்களோட பேசுங்க"ன்னேன். பேசறதா அது. பெஞ்சு தட்டற சத்தம் கடல் சத்தத்தை மீறிக் கேக்குது. வகுப்புல எப்பவும் தலை கவுந்தே இருக்கற இளம்பரிதி எழுந்து நின்னு, "சார், தள்ளவே வேணாம், கடல் ஏற்றம் வர வரைக்கும் காத்திருந்தா படகு தானா மிதக்கும்"னு ஏற்ற இறக்க நேரத்தைத் தேடி எடுத்துப் படிக்கறான். இன்னொரு பக்கம் மரீஹா, நான் அனுப்பின இடத்தோட மேல இருந்து எடுத்த படத்தைப் பெருசு பண்ணி, "அகலத்தைப் பாக்காதீங்க, வளைவைப் பாருங்க. ஆறு இங்க இடது பக்கம் திரும்புது. அப்ப வெளிக்கரை வலது. தண்ணி அங்கதான் மோதி அரிக்கும், ஆழம் வலது. இடது உள்கரை, பூரா மணல்"னு சொல்லுது. "யாரு சொன்னா?"ன்னு இளம்பரிதி மடக்கறான். "சாரே சொன்னார். நீ தூங்கிட்டிருந்த"ங்குது மரீஹா.

அக்கா, நான் அந்தப் படகுல எழுந்து நின்னுட்டேன். பலராமன்தான் இழுத்து உக்கார வச்சார்.

மறுபடியும் ஓட்டு. இந்தத் தடவை கிட்டத்தட்ட எல்லாரும் வலது. இளம்பரிதி மட்டும் கடைசி வரைக்கும் ஏற்றம்னு நின்னான், நிக்கட்டும், அதுக்கும் தைரியம் வேணும். நான் போனைப் பலராமன் கையில கொடுத்துட்டு, பேன்ட்டை மடிச்சுவிட்டு இறங்கினேன். முழங்காலுக்கு மேல தண்ணி. ஒரு செருப்பு சேத்துல போனது போனதுதான். பலராமன் ஒரு கையால கழியை ஊன, நான் தோளைக் கொடுத்து வலது பக்கமா தள்ள, அங்க வகுப்புல எல்லாரும் சேந்து "ஐலசா" போட, படகு அசைஞ்சுது, நகந்துது, மிதந்துடுச்சு. அந்த நேரம் பூரா பலராமன் போனைத் திருப்பிப் புடிச்சிருந்ததால பிள்ளைங்க பாத்தது அவர் மீசையை மட்டும்தான். ஆனா மீசை சிரிச்சதை வச்சே படகு கிளம்பிடுச்சுன்னு கண்டுபிடிச்சு அவங்க போட்ட சத்தத்துல பக்கத்து வகுப்பு வாத்தியார் ஓடி வந்தாராம். மணி அடிச்சும் ஒருத்தர் எழுந்திருக்கலையாம். தாளாளர் மேடம் பக்கம் திரும்பி, "இது எந்த வகுப்பு, இவ்ளோ நாளா எங்க இருந்துது"ன்னு கேட்டாராம்.

ஈரப் பேன்ட்டோட பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வசந்தா மேடம் என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, "பத்தாவது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்"ன்னாங்க. கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "அடுத்த தடவை தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னாங்க. வீட்டுக்கு வந்து ஜெர்லின்கிட்ட மூணு தடவை சொன்னேன், அவங்கம்மாகிட்ட சொல்லப் போனா, "நீங்க தெருவுல வரும்போதே கேட்டுட்டேன்"னா.

ஆகவே அக்கா, தாங்கள் ஞாயிறுதோறும் கோயிலில் மறைக்கல்வி நடத்தும்போதும் இனி விடையைச் சொல்லிவிடாமல் பிள்ளைகளை ஓட்டுப் போட வைத்துப் பாருங்கள். பத்துக் கட்டளைக்கு மட்டும் ஓட்டு வேண்டாம், பங்குச் சாமியார் கோபிப்பார். புவியியல் ஒருபோதும் பொய்க்காது, வளைவின் வெளிக்கரை ஆழமே என்பதை முத்தியால்பேட்டையில் ஒரு வகுப்பு முழுவதும் தன் கையால் நிரூபித்துவிட்டது என்ற மனநிறைவோடு இக்கடிதத்தை முடிக்கிறேன். மாமாவுக்கு என் மரியாதையும், முழங்காலுக்கு என் தைலமும் (தனிப் பொட்டலமாக அனுப்பியுள்ளேன்), தங்களுக்கு மாதாவின் காவலும் உரித்தாகுக.

தங்கள் பாசமுள்ள தம்பி,
லூயிஸ்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வகுப்புக் குழுவில் மரீஹா ஒரு செய்தி போட்டிருக்கு. நான் அனுப்பின இடம் படகு கிளம்பின துறையில இருந்து அனுப்பினதாம், அதுக்கப்புறம் அது நகரவே இல்லையாம். அவங்க படத்துல பாத்த வளைவு வேற, நான் மாட்டின வளைவு வேற. படத்துல இருக்கற வளைவுல நின்னா பின்னால பாலம் தெரிஞ்சே ஆகணுமாம், வீடியோவுல எனக்குப் பின்னால வெறும் தென்னந்தோப்புதானாம். நான் மாட்டின இடத்துல ஆறு வலது பக்கம் வளையுது. அப்படின்னா ஆழம் இடது. நாங்க எல்லாரும் சேந்து படகை மணல் பக்கமாத்தான் தள்ளியிருக்கோம். இளம்பரிதியும் நேரத்தைச் சரிபாத்துட்டு, அப்ப இன்னும் ஏற்றமே ஆரம்பிக்கலைன்னு அவனே ஒத்துக்கிட்டான். அப்புறம் படகு எப்படி மிதந்துதுன்னு மரீஹா ஒரு கேள்வி தயார் பண்ணி ஓட்டுக்கு விட்டிருக்கு: அ) வெளிக்கரை ஆழம், ஆ) கடல் ஏற்றம், இ) லூயிஸ் சார் படகை விட்டு இறங்கியது. இதுவரைக்கும் 'இ' ஜெயிச்சுக்கிட்டிருக்கு. வசந்தா மேடமும் போட்டுட்டாங்க. விடையைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது நான்தானே, அதனால வாயை மூடிக்கிட்டு சந்தோஷமா பாத்துக்கிட்டிருக்கேன். உன் ஓட்டைக் கேட்டு ஜெர்லின் போன் பண்ணுவா. யோசிச்சுப் போடு அக்கா. சின்ன வயசுல என்னை இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவ நீ, உன் சாட்சிக்கு அங்க மரியாதை ஜாஸ்தி.