மகளின் எறும்புகளும் என் மைசூர்பாகும்

பிள்ளைகளே, அப்பாக்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பரண்மேல் ஏறி அண்டாவை இறக்கச் சொல்லுங்கள், இறக்குவோம். கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நில் என்றால் மட்டும் முடியாது. உங்கள் அப்பாவும் அப்படித்தான் இருப்பார். (நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

நான் பெங்களூர் தொம்மலூரில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவன். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. கல்லூரி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே போகிற துணிகள்தான். மாணவர்களின் வெள்ளைக் கோட்டுகளைத் தேய்த்து மடிக்கும்போது, 'நீயெல்லாம் நாளைக்கு வகுப்பில் போய் உட்காரப் போகிறாய், பார்' என்று அவற்றின்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். உலகத்திலேயே கோட்டின்மேல் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதனால் என் மகள் பவித்ரா பி.எஸ்ஸி. சேர்ந்தபோது, பாதி நானே சேர்ந்த மாதிரி இருந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு அவளுக்கு முன்னால் நான் கிளம்பி நின்றேன்.

அங்கே ஷைலஜா மேடம் பேசினார். அவர் கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழும் கலந்து பேசுவார். இந்த வருஷம் ஒவ்வொரு மாணவரும் தனக்குப் பிடித்த கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், யாரும் பாடம் எடுக்க மாட்டார்கள், விடையைத் தானாகவே தேட வேண்டும் என்றார். எல்லாப் பெற்றோரும் தலையாட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"மேடம், தானா கத்துக்கறதுக்கு நல்ல டியூஷன் எங்க இருக்கு?"

அரங்கமே சிரித்தது. எல்லாருக்கும் இதே சந்தேகம் இருந்திருக்கிறது, கேட்கத் தைரியம் எனக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.

"அய்யோ, டியூஷன் பேடா அப்பா, வேணவே வேணாம்! பொண்ணை விட்டுடுங்க, அதுவே பார்த்துக்கும்" என்றார் மேடம். பவித்ரா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் எடுத்துக்கொண்டது எறும்பு. எனக்கு மனசே விட்டுப்போயிற்று. அவள் வகுப்பிலேயே படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் ரோபோ செய்கிறானாம்.

"எறும்புக்கு எதுக்கும்மா காலேஜு? நம்ம சர்க்கரை டப்பாவைத் திறந்தாலே போதுமே."

"அங்கதான்ப்பா ஆரம்பிச்சேன்" என்றாள்.

கடிக்காத கறுப்பு எறும்புகளைக் கூட்டோடு கொண்டுவந்து ஒரு கண்ணாடித் தொட்டியில் வைத்தாள். அவை தப்பிக்காமல் இருக்க, தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் நிறுத்தினாள். உள்ளே ஒரு மூலையில் சர்க்கரைத் தண்ணீர். அங்கே போக அட்டையில் இரண்டு பாலம், ஒன்று குட்டை, ஒன்று நீளம். முதலில் எறும்புகள் இரண்டிலும் போகும். போகப்போக எல்லாம் குட்டைப் பாலத்துக்கே வந்துவிடும். யாரும் சொல்லித் தராமல் இது எப்படி? இதுதான் அவள் கேள்வி.

ஒருநாள் எறும்புகள் மந்தமாக இருப்பதாக எனக்குப் பட்டது. குட்டைப் பாலத்தில் கொஞ்சம் சர்க்கரை தூவினேன்.

"யாரு சர்க்கரை போட்டது?"

"பாவம்மா, அதுங்களும் சீக்கிரம் பாஸாகட்டுமேன்னுதான்..."

"எறும்புக்கே பிட்டு குடுக்குறாரு உங்க அப்பா" என்று என் மனைவி மல்லிகா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். பவித்ரா எல்லாவற்றையும் கழுவி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கண்காட்சி நாள் வந்தது. ஒரு பெரிய விஞ்ஞானி வருகிறார், பிள்ளைகளில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து விடுமுறையில் தன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யக் கூட்டிப்போவார் என்றார்கள். "எனக்கு அது வேணும்ப்பா" என்றாள் பவித்ரா. தீபாவளிக்கு இந்தத் துணி வேண்டும் என்றுகூடக் கேட்காத பெண். "வர்றதுன்னா வா. ஆனா கைய பின்னாடி கட்டிக்கிட்டு நில்லு."

அப்படியே நிற்பதாகத்தான் இருந்தேன். ஆனால் வாத்தியாரைப் பார்க்க வெறுங்கையோடு போவார்களா? மேடத்துக்கென்று மைசூர்பாகு வாங்கிக்கொண்டேன், நெய் டப்பாவுக்கு வெளியே கசிகிற ரகம். (பின்னால் கட்டவேண்டிய கையில் டப்பா இருந்தால் எப்படிக் கட்டுவது?)

கண்காட்சி ஒரு வகுப்பறையில். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். என் மகள் படிக்கிற பெஞ்சு. ஒருமுறை, ஒரே ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாமே என்று தோன்றியது. டப்பாவை அவள் மேசையில், தாம்பாளத்தின் விளிம்பிலிருந்து தொட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு, போய் உட்கார்ந்தேன். கரும்பலகையில் யாரோ பாதி அழித்துவிட்டுப் போன கணக்கு இருந்தது. ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் புரிகிறவன் மாதிரி தலையை ஆட்டிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது.

"சார் வர்றார்!" என்று யாரோ சொன்னதும் எழுந்து ஓடினேன். விஞ்ஞானி பவித்ராவின் மேசைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, முழுக்கை, நல்ல இஸ்திரி. (தொழில் புத்தி.) தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"எறும்பு எங்கேம்மா?"

பாலம் இரண்டும் காலி. பவித்ராவுக்கு முகம் வெளுத்தது. இந்தச் சங்கடத்தை நாம்தான் சமாளிக்க வேண்டும் என்று டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினேன்.

"சார், முதல்ல ஸ்வீட் எடுத்துக்குங்க."

அவரும் மரியாதைக்குப் பார்க்காமலே கையை விட்டார். மைசூர்பாகு கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு நகர்ந்தது. நகர்ந்து அவர் சட்டைக் கைக்குள்ளே ஏறியது. தண்ணீரைத் தாண்ட நானே மூன்றாவதாக ஒரு பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்!

பெரிய விஞ்ஞானி ஆடிய ஆட்டத்தை நான் விவரிக்கக் கூடாது. ஷைலஜா மேடம் "ஏனப்பா இது!" என்று தலையில் கைவைத்தார். நான் துண்டை எடுத்து விஞ்ஞானியையும் மேசையையும் மாறிமாறித் தட்டினேன். ஒருவழியாக ஆட்டம் நின்றதும், சட்டையை உதறிக்கொண்டே அவர் பவித்ராவைக் கேட்டார்.

"குட்டை வழி இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் வந்துச்சு?"

"தெரியல சார்."

எனக்கு உயிரே போயிற்று. எங்கள் காலத்தில் 'தெரியல' என்றால் பிரம்படி. "தெரியும் சார், அவளுக்கு எல்லாம் தெரியும்! சொல்லும்மா, வீட்ல படிச்சியே!" என்று குறுக்கே போய் நின்றேன்.

பவித்ரா தரையில் மண்டியிட்டு, கீழே விழுந்திருந்த டப்பாவிலிருந்து சிதறி ஓடுகிற எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அந்த விஞ்ஞானி நிற்பதும் அவளுக்கு நினைவில்லை. என் செருப்பருகே வந்ததும் நிமிராமலே சொன்னாள்:

"அப்பா, தள்ளு. வழியில நிக்கிற."

அந்த விடுமுறை வேலை ரோபோ பையனுக்குப் போயிற்று.

வீட்டுக்கு பஸ் ஏறினோம். கேட்டு வாங்காதவள் கேட்ட ஒன்றையும் கெடுத்துவிட்டோமே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். இறங்கும்போதுதான் கேட்டாள்: "டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்லம்மா, பையில இருக்கு."

"குடு. இன்னும் நாலஞ்சு உள்ள இருக்கும். வீட்டுக்கு எப்படிப் போகுதுன்னு பாக்கணும்." சொல்லிவிட்டு, அந்த சார் சட்டையை உதறிய மாதிரி உதறிக் காட்டினாள். நடுரோட்டில் இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு எந்த உதவிக்கும் அவள் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. தானாகவே படித்தாள். தானாகவே எழுதிப் போட்டு, இப்போது எங்கேயோ ஒரு குளிர் தேசத்தில் எறும்பைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள். அங்கே சட்டையை யார் தேய்த்துக் கொடுக்கிறார்களோ.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தை மட்டும் நிலைத்துவிட்டது. நான் குழம்பில் உப்புப் பார்க்கப் போனால் மல்லிகா, "அப்பா, தள்ளு" என்பாள். வண்டியில் அடுத்தவர் பேச்சில் மூக்கை நுழைத்தால் வாடிக்கைக்காரர்கள்கூடச் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பவித்ரா போன் செய்வாள். ஸ்வெட்டர் போட்டாயா, உங்க சாரை நேரில் போய்க் கேளேன் என்று நான் ஆரம்பித்ததுமே அவளும் சொல்வாள்: "அப்பா, தள்ளு!"

இவ்வளவு தூரமா தள்ளுவது என்று கேட்க வாய் வரைக்கும் வரும். கேட்பதில்லை.

"தள்ளிட்டேம்மா" என்பேன். அந்தப் பக்கம் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்க மாட்டேன்.