மான்கள் கலந்துகொண்ட மனநலச் செயலமர்வு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, வண்டிச் சில்லைக் கண்டுபிடித்தது, மிச்சமிருந்த மன நிம்மதியைத் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் அலுவலகம் கண்டுபிடித்தது. இது தற்பெருமை அல்ல. நான் மனநல மேம்பாட்டுக் குழுவின் செயலாளர். உண்மையைச் சொல்வது என் கடமை.

அதற்கு முன் எங்கள் உத்தியோகத்தர்கள் எவ்வளவு பின்தங்கியிருந்தார்கள் தெரியுமா? மத்தியானமானால் பின்வளவு வேப்பமரத்தடியில் கூடிவிடுவார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து வரும் நிருபன் சூடை மீன் பொரியல் கொண்டுவருவார், ஸல்ஹா மாசிச் சம்பல், கீர்த்தனி தயிர். எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஆளையாள் பகிடி பண்ணி, மேலதிகாரிகளைத் திட்டி, வயிறு குலுங்கச் சிரித்துச் சாப்பிடுவார்கள். டவுன் தெருக்களில் மாடுகளைப் போலத் திரியும் ஊர் மான்கள் வாழைப்பழத் தோலுக்காகச் சுற்றி நிற்கும். இவ்வளவுக்கும் ஒரு சுற்றறிக்கைகூட இருக்கவில்லை!

இதில் கீர்த்தனி தூரத்து வெருகல் கிராமத்துக்காரி. டவுனில் ஓர் அறை எடுத்துத் தனியே இருக்கிறார். அங்கே அவருக்குப் பதில் சொல்வது மின்விசிறி மட்டும்தான். "இந்த மத்தியானச் சாப்பாடு இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்," என்று அடிக்கடி சொல்வார். பகிடிக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

பணிப்பாளர் ஆனந்தராசா குழுவைக் கூட்டினார். "மனநலத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் ஒதுக்க வேணும். எந்த மணித்தியாலம் சும்மா கிடக்குது?"

"சாப்பாட்டு நேரம், சேர்," என்றேன் நான். குழு கை தட்டியது.

சாப்பாடு அவரவர் மேசையில், வேலையோடு வேலையாக என்று முடிவாயிற்று. அந்த மணித்தியாலத்தில் பயிற்சி நடத்தக் கொழும்பிலிருந்து ஒரு 'வளவாளர்' வந்தார். திரையில் முதல் அறிவுரை பெரிய எழுத்தில் விழுந்தது: 'நண்பர்களோடு சேர்ந்து உண்ணுங்கள். மனம் விட்டுப் பேசுங்கள்.' ஸல்ஹா கீர்த்தனியின் காதில் ஏதோ சொன்னார்.

"அங்கை என்ன கதை? அமைதி!" என்று வளவாளர் அதட்டினார்.

கீர்த்தனி எழுந்தார். "சேர், இதைத்தானே நாங்கள் மரத்துக்குக் கீழை செய்துகொண்டிருந்தனாங்கள்?"

"ஓம் பிள்ளை. ஆனா நீங்கள் அதை விஞ்ஞான முறைப்படி செய்யேல்லை."

என்ன ஆழமான பதில்! நான் புல்லரித்துப் போனேன்.

அடுத்தது மூச்சுப் பயிற்சி. எல்லோரும் கண்ணை மூடினோம். "உங்களுக்குப் பக்கத்திலை இளஞ்சூடான ஒரு மூச்சு," என்றார் வளவாளர், தாமும் கண்ணை மூடியபடி. "அதை உணருங்கோ." அவர் உண்மையாகவே உணர்ந்தார். நாட்கணக்கில் தோல் கிடைக்காத கொம்பன் மான் ஒன்று மண்டபத்துக்குள் நுழைந்து, அவர் கையிலிருந்த குறிப்புத் தாள்களை ஆற அமர மென்றுகொண்டிருந்தது. கண்ணைத் திறந்தவர் கதிரையோடு சரிந்தார். சத்தத்தில் எல்லோரும் கண் திறக்க, மண்டபமே வெடித்துச் சிரித்தது. கீர்த்தனி ஸல்ஹாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்.

குழு இதைச் சும்மா விடுமா? 'சிரிப்புப் பயிற்சி' வியாழக்கிழமை என்று நிகழ்ச்சி நிரலில் தெளிவாக இருக்க, செவ்வாய்க்கிழமையே சிரித்த அத்தனை பேரிடமும் விளக்கம் கோரினோம். மான்கள் வராதபடி வேலியும் அடித்தோம்.

இன்று மண்டபம் நிறைந்து வழிகிறது. இருமல் சத்தம்கூட இல்லை. அப்படியொரு மன அமைதி! கீர்த்தனி ஒருவர்தான் வருவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தனியே இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்து, மான்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். கவலைக்கிடமான அறிகுறி. குழுவின் சார்பில் நானே நேரில் போய் விசாரித்தேன்.

"என்ன பிள்ளை இது? மனுசரை விட்டிட்டு மானுகளோடை கதைச்சுக்கொண்டு?"

கீர்த்தனி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வாழைப்பழத் தோலை மானுக்கு நீட்டியபடி சொன்னார்:

"மனுசர் எல்லாரையும் நீங்கள் உள்ளுக்கை கண்ணை மூட வைச்சிருக்கிறியள், சேர். எனக்கு மிஞ்சினது இதுகள்தான்."