பேய்க் கப்பலில் ஒரு ஞாயிறு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம்தான், வேறு பேச்சுக்கே இடமில்லை என்று லிஃப்ட்காரர் சபதம் செய்துகொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை. சபதம் செய்கிற அளவுக்குத்தான் தைரியம் இருந்தது.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் பிழைப்பு பாவப்பட்ட பிழைப்பு. ஊரே ஏறிப் போகிற லிஃப்டில் ஏற அவருக்கு மட்டும் கொடுத்துவைக்கவில்லை. அது நின்றுபோன பிறகுதானே கூப்பிடுகிறார்கள்? வாரம் முழுக்கக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி. ஞாயிறு விடிந்தால், நர்சரி டீச்சரான மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். போன வாரம் கலங்கரை விளக்கம். அங்கேயும் படிதான்.

அதனால் இந்த வாரம் இடத்தை அவரே சொன்னார். துறைமுகத்தில் காட்சிக்கு நிறுத்தி வைத்திருக்கும் பழைய கப்பல். அதில் பேய் இருக்கிறதாம். கரண்ட் போனால் அடுத்த அறைக்குப் போகத் துணை கேட்கிறவள் அவள். ஒரு தடவை நன்றாகப் பயந்துவிட்டால் ஊர் சுற்றுகிற ஆசையே விட்டுப்போகும். அப்புறம் ஞாயிறெல்லாம் அவருக்கே.

"பேயா?" அவள் முகம் வெளுத்தது. "பக்கத்துலயே இருப்பீங்கல்ல?"

"உன்னை விட்டுட்டு எங்க போகப்போறேன்?"

கப்பலின் மேல்தளத்தில் கைடு கூட்டத்தை நிறுத்தினார். சொன்னதையே சொல்லிச் சொல்லி அவர் குரல் தேய்ந்துபோயிருந்தது.

"இந்தப் பித்தளைக் குழாய் நேரா கீழே கேப்டன் ரூமுக்குப் போகுது. அங்க பேசினா இங்க கேக்கும். கடைசி கேப்டன் அந்த ரூம்லதான் உயிரை விட்டாரு. அவரு ஆவி இது வழியா முனகும்னு சொல்றாங்க."

"நீங்க கேட்டிருக்கீங்களாண்ணே?" என்றாள் மனைவி.

"எங்கம்மா! காதை வெச்சு வெச்சு என் காதுதான் மந்தமாச்சு. வர்றவங்க எல்லாம் பேயக் காணோமேன்னு என்னைத் திட்டிட்டுப் போறாங்க."

லிஃப்ட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

கேப்டன் அறையில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். குழாயின் வாய் கட்டிலில் தலையணைக்கு நேர் மேலே இருந்தது. முனக வேண்டுமென்றால் படுத்தாக வேண்டும். படுத்தார். அங்கேதான் சனி பிடித்தது. மெத்தை மெத்தென்றிருந்தது. கப்பல் தண்ணீரில் லேசாக ஆடியது. "ம்ம்ம்ம்..." என்று ஒரு முனகல் விட்டார். இரண்டாவது முனகலுக்கு மூச்சை இழுத்தார். அது குறட்டையாகத்தான் வெளியே வந்தது.

பிறகு மேலே நடந்ததெல்லாம் கைடு சொல்லித்தான் அவருக்குத் தெரியும். முனகலைக் கேட்டதும் அவள் அலறிக்கொண்டு கைடின் கையைப் பிடித்தாளாம். தொடர்ந்து குழாய் உறுமியது. கூட்டம் கத்தியது. நடுவில் ஒரு சீட்டி, கடைசியில் ஒரு சப்புக்கொட்டல். அவள் கையை விட்டாள். தினமும் ஒரு வகுப்பையே தூங்கவைக்கிறவள். போதாததற்கு, கல்யாணமான நாளிலிருந்து காதோரம் கேட்கிற குறட்டை அது.

"அண்ணே, கொஞ்சம் தனியா வாங்க" என்றாள்.

அவர் கண் விழித்தபோது இருவரும் கட்டிலருகில் நின்றார்கள்.

"நல்லாத் தூங்கினீங்களா?"

"தூக்கமா? தலை சுத்துச்சு, சும்மா சாஞ்சேன்..."

"சும்மாவா சார்!" கைடுக்குக் கண் கலங்கிவிட்டது. "மேல ஒருத்தரும் இறங்க மாட்டேங்கறாங்க. கேட்டவங்களே மறுபடியும் வரிசையில நிக்கிறாங்க. நீங்க தெய்வம் சார்."

"பேய்னு சொல்லுங்கண்ணே" என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நாங்க பேசி முடிச்சாச்சுங்க. இனிமே வாராவாரம் ஞாயித்துக்கிழமை வந்துடுவோம். நீங்க படுங்க, நான் துறைமுகம் பூரா சுத்திப் பாக்கறேன்."

"வாராவாரமா? ரெண்டு பஸ் மாறணுமே! உனக்குத்தான் பேய்னா பயமாச்சே?"

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டாச்சு. புளியமரம் ஏறித்தானே ஆகணும்?"

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு இருக்கைதான் இருந்தது. அதில் அவள் உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தவருக்கு அழுகையே வந்தது. சொந்தக் கட்டிலில், சொந்தத் தலையணையில் ஒரு நாள் தூங்க ஆசைப்பட்டது குற்றமா?

பாதி வழியில் மூளை விழித்தது. தூங்கினால்தானே குறட்டை? குறட்டை இருந்தால்தானே பேய்? அடுத்த வாரம் கண் கொட்டாமல் கிடந்தால் கைடே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். தூக்கத்துக்காகச் சபதம் போட்டவர், தூங்குவதில்லை என்று புதுச் சபதம் போட்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார், வருத்தப்படுகிற மாதிரி. "இன்னிக்கு ஏதோ அசதி, கண் அசந்துட்டேன். அடுத்த வாரம் தூக்கம் வருமோ வராதோ. பாவம், அந்தக் கைடு ஏமாந்துடப் போறாரு."

"அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாங்க" என்றாள் அவள், ஜன்னலில் சாய்ந்தபடி. "சனிக்கிழமை பூரா பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் நீங்க இடம் மாத்தப் போறீங்க."