கண்ணாடி மூக்குப்பேணியும் கடைசிப் போத்தலும்

நான் குடிகாரன் இல்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் கிளென் வேவர்லித் தமிழ்ச்சனத்தில் பாதி வேறு மாதிரி நம்புவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு மிடறைத் தவிர, என் வாழ்நாளில் மொத்தமாகக் குடித்தது ஒரேயொரு போத்தல் வைன். அதை ஒரே மூச்சில் குடித்ததுதான் பிரச்சினை.

மகள் ஆரணி கட்டவிருந்த பையன் ஸ்பானியன். தலைமுறை தலைமுறையாக வைன் செய்கிற குடும்பம். இங்கேயே, நகரத்துக்கு வெளியே யாரா பள்ளத்தாக்கில் சொந்தத் திராட்சைத் தோட்டம். பையனின் தகப்பன் காலமாகி ஒரு வருடம் நிறைந்த நாளுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். எங்கள் ஆட்டத்திவசம் மாதிரித்தான் (வாழைக்காய்க் கறி மட்டும் இல்லை).

"அங்க போய் மானத்தை வாங்காதேங்கோ," என்று மனைவி காரிலேயே சொன்னாள்.

பையனின் தாய் பிலார், தூசி படிந்த ஒரு போத்தலை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். அவருக்குக் கலியாணமான வருடம், ஸ்பெயினில் மாமனார் தன் கையால் செய்து வைத்த சிவப்பு வைன். அதில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு போத்தல்தான். ஆளுக்கு ஒரு மிடறு குடித்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி, அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். விருந்தாளி முதல், வீட்டுக்காரி கடைசி.

போத்தல் முழுவதையும் ஊற்றிய பாத்திரத்தைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. எங்கள் ஊர் மூக்குப்பேணியேதான், கண்ணாடியில்! உதட்டில் படாமல், அண்ணாந்து, அதன் நீண்ட மூக்கால் வாய்க்குள் ஊற்ற வேண்டும்.

"இது கஷ்டம் அங்கிள், கிளாஸ் தரட்டா?" என்றான் பையன்.

"தம்பி, நாங்கள் காலங்காலமா இப்பிடித்தான் குடிக்கிறனாங்கள்," என்றேன். (என் ஐயா குடித்தார். நான் பிளாஸ்டிக் கப்பில் வளர்ந்தவன்.)

அண்ணாந்தேன். வைன் நூல் பிடித்தாற்போல் வாய்க்குள் விழுந்தது. ஒரு மிடறு முடிந்த பிறகுதான், எனக்குத் தொடங்கத் தெரியுமே தவிர நிறுத்தத் தெரியாது என்பது உறைத்தது. நிறுத்தினால் என் வெள்ளைச் சட்டையிலும் அவர்களின் வெள்ளை மேசைவிரிப்பிலும் கொட்டும். துக்க வீட்டில் அந்த அவமானம் வேண்டாமென்று விழுங்கினேன். மறுபடியும் விழுங்கினேன். சுற்றிலும் ஒரே அமைதி. என் திறமையைப் பார்த்து வாயடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"அப்பா, ஸ்டொப்! ப்ளீஸ், ஸ்டொப்!" என்றாள் ஆரணி. ஸ்டொப் பண்ணத் தெரிந்தால் பண்ணமாட்டேனா?

இறக்கியபோது பாத்திரம் காலி. சட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இறந்தவரின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன், ஏப்பம் வந்தது.

பிலார் வெறும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவரோடு வாழத் தொடங்கிய வருடத்திலிருந்து அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரு வாய் என் வயிற்றுக்குள் போயிருந்தது. மகளின் கலியாணத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பூமி பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

அவர் பாத்திரத்தை வாங்கி உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. அதை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ர மனிசனும் இப்பிடித்தான்," என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். "ஒருநாளும் எனக்கு மிச்சம் வைக்கிறேல்லை."

சொல்லிச் சிரித்தார், சிரித்தபடியே அழுதார். நானும் அழுதேன் (எனக்கு வெறியும் ஏறியிருந்தது).

கலியாணம் நடந்தது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் வேறொரு போத்தல் திறக்கிறார்கள், நாங்களும் போகிறோம். என்னைக் கடைசிக் கதிரையில்தான் இருத்துவார்கள். பாத்திரம் என்னிடம் வருமுன், "எல்லாரும் குடிச்சாச்சோ? மாமா வாறார்!" என்று மருமகன் தமிழில் கூவுவான்.

முதல் மிடறு இப்போது பிலாருக்கு. அந்தக் குடும்பத்தில் இதற்கு முன் எந்தப் பெண்ணும் முதலில் குடித்ததில்லையாம். ஆறுதலாகக் குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துவிட்டு, "எல்லாம் உங்களால்தான்," என்பார் என்னைப் பார்த்து. நான் அதை நன்றியாக எடுத்துக்கொள்கிறேன். மனைவி அப்படி எடுத்துக்கொள்வதில்லை.