ஒரு சதவீத அண்ணன்

உலகில் சமைப்பவர்கள் உண்டு, சாப்பிடுபவர்கள் உண்டு, அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. நான் சொல்லப்போவது இந்த மூன்றாவது இனத்தைப் பற்றி. இவர்கள் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களையும் என்னையும்விட அதிகமாக உழைப்பவர்கள். வேலையை மட்டும் தொடங்க மாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை (கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன்) பெட்டியில் வைத்துக்கொண்டு நகரத்துக்கு வந்து, ஒரு வீட்டு மாடி அறையில் நான் குடியேறிய அன்றுதான் இந்த இனத்தின் அசல் மாதிரியைக் கண்டேன். வீட்டுக்கார அக்காவின் தம்பி, என் அறைக்கூட்டாளி. கதவைத் திறந்தால் விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல். மூடி கழற்றிய கம்ப்யூட்டர், அதன் வயிற்றுக்குள் காற்றடிக்கும் டேபிள் ஃபேன், பக்கத்தில் வியர்த்து வழியும் அண்ணன்.

"செருப்பை மெதுவா விடு தம்பி. ரவுட்டர் ஆன் ஆகிக்கிட்டிருக்கு."

எங்கே ரவுட்டர்? கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கம்ப்யூட்டர்களுக்கு இடையே செய்திகளுக்கு வழிகாட்டும் பெட்டிதான் ரவுட்டர். நிஜ ரவுட்டர்களை வாங்க வழியில்லாதவர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே போலி ரவுட்டர்களை ஓட்டிப் பழக ஒரு மென்பொருள் உண்டு. நாங்கள் இருவரும் விண்ணப்பித்திருந்த நிறுவனத்தின் தேர்வும் அதில்தான்: ஆறு ரவுட்டர்களை இணைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு செய்தி போய்த் திரும்புவதைக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் பிங். அண்ணன் ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டவர். இந்த முறையும் விட்டால் மாமாவின் டைல்ஸ் கடையில்தான் உட்கார வேண்டும் என்று அக்கா தீர்ப்பு எழுதிவிட்டார்.

போலி ரவுட்டருக்கு ஒரு கெட்ட குணம். வேலை இல்லாத நேரத்திலும் கம்ப்யூட்டரின் உயிரை வாங்கும். அது எந்த இடத்தில் வெட்டியாகச் சுற்றுகிறது என்பதைக் காட்டும் ஓர் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால், அங்கே வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரும் மூச்சு வாங்கிக்கொள்ளும். அந்த ஓய்வு எண் சரியாக அமைந்துவிட்டால் கம்ப்யூட்டரின் தலையில் இருக்கும் நூறு சதவீதச் சுமை சடாரென்று தரைக்கு இறங்கும். அதோடு விட்டுவிட்டு மற்றவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். அண்ணன் விடுவாரா? ஆறு ரவுட்டர்களுக்கும் ஒரே மென்பொருள் பிரதியைக் கொடுத்து நினைவகத்தை மிச்சம் பிடித்தார், திரையின் மூலையில் ஓடிய கடிகாரத்தை நிறுத்தினார், மலைக்காட்சியை எடுத்துவிட்டுத் திரையைக் கருப்பாக்கினார், கம்ப்யூட்டருக்குச் சூடு ஏறும் என்று ஜன்னலுக்குத் திரை போட்டார், மின்சாரம் துள்ளுகிறது என்று கீழே அக்காவை மிக்ஸி போட வேண்டாம் என்றார், கடைசியில் என்னை அந்தப் பக்கம் மூச்சுவிடக்கூட யோசிக்க வைத்தார். சுமை மூன்றானது. இரண்டானது. ஒன்றானது.

மிக்ஸி விஷயமாகச் சண்டை போட வந்த அக்கா இடுப்பில் கைவைத்துத் திரையைப் பார்த்தார்.

"ஓடுதாடா?"

"ஓடுதுக்கா."

"ஓடி என்ன பண்ணுது?"

"சும்மா இருக்கு. அதைச் சும்மா இருக்க வைக்கத்தான் இவ்வளவு பாடு."

"அதுக்கு நீயே போதுமேடா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போன அக்கா மிக்ஸியை மூடியில்லாமல் ஓட்டியிருக்க வேண்டும். அப்படியொரு சத்தம்.

அண்ணன் குளிக்கப் போகும் நேரம்தான் எனக்குப் பாடநேரம். அவசர அவசரமாக முகவரிகளைக் கொடுத்து, வழிகளைச் சொல்லி, பிங் அடிப்பேன். ஒரு நாள் தலையில் சோப்பு நுரையோடு வந்து எட்டிப் பார்த்தார். சுமை பன்னிரண்டு. நோயாளிக் குழந்தைக்கு நான் பரோட்டா ஊட்டிவிட்டதுபோல் அவர் முகம் வாடியது.

"என்ன பண்ணினே?"

"பிங் போச்சுண்ணே."

"வேலை குடுத்தா ஏறத்தானே செய்யும்" என்றபடி டேபிள் ஃபேனின் வேகத்தைக் கூட்டினார்.

தேர்வு நாள் வந்தது. பக்கத்துப் பக்கத்து இருக்கை. என் கம்ப்யூட்டர் ஊளையிட்டது; எனக்குப் பழக்கமான சங்கீதம், தட்டிக்கொண்டே போனேன். அண்ணன் திரையில் சுமையைக் காட்டும் கோட்டைப் பார்த்தார். நூறு. மனுஷனால் தாங்க முடியுமா? சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓய்வு எண் தேட இறங்கிவிட்டார். தேர்வு முடியும் தறுவாயில் மேற்பார்வை அம்மா அவர் பின்னால் நின்றார்.

"உங்க மெஷின் மட்டும் சத்தமே இல்லையே?"

"ஒரு சதவீதம் மேடம்" என்றார் அண்ணன். அப்படியொரு பூரிப்பை நான் மாப்பிள்ளைகளிடம்கூடப் பார்த்ததில்லை.

"பிங்?"

"இப்பத்தான் மேடம் எல்லாம் தயாராச்சு."

மணி அடித்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். படிக்க உட்காரும் முன் மேசையைத் துடைத்து, பென்சில்களைச் சீவி, விளக்கை இரண்டு அங்குலம் நகர்த்தி, நாளை முதல் என்று எழுந்துபோனவர் யார்? ஓடத் தொடங்க ஷூ வாங்கி, ஷூவுக்குப் பை வாங்கியவர்? நான் உங்களைச் சொல்லவில்லை. நீங்களாக ஏன் நெளிகிறீர்கள்?

எனக்கு அந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அண்ணன் மாமாவின் டைல்ஸ் கடையில் இருக்கிறார். கடைக் கம்ப்யூட்டர் இப்போது சத்தமே இல்லாமல், ஒரு சதவீதத்தில் ஓடுகிறது. பில்லை மாமா கையால் எழுதுகிறார்.